ஜன்னல் பக்கத்துக் கிண்ணம்

அம்மா மறுபடியும் தூங்குகிறாள் என்று ரஞ்சன் போனில் சொன்னபோது நான் கொல்கத்தாவின் நியூ டவுனில், அலுவலகக் கேன்டீனில், ஆறிப்போன தோசையின் முன் உட்கார்ந்திருந்தேன். ரஞ்சன் அம்மாவின் பிசியோதெரபிஸ்ட். திங்கள், புதன், வெள்ளிகளில் பதினோரு மணிக்கு எங்கள் பாலிகஞ்ச் வீட்டுக்கு வந்து, பக்கவாதத்தில் விழுந்துவிட்ட அம்மாவின் வலது கையை ஒரு மணி நேரம் வேலை வாங்குவார். எழுப்பிப் பார்த்தாராம். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாளாம். இந்த மாதத்தில் இது நான்காவது முறை. தூங்குகிற கைக்குப் பயிற்சி கொடுக்க முடியாது, இப்படியே போனால் தான் வருவதில் அர்த்தமில்லை என்று அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஆயா எங்கே?" என்று கேட்டேன்.

பக்கத்தில்தான் நிற்கிறாள் என்றார். அந்த 'பக்கத்தில்தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

துர்கா பூஜையின் ஏழாம் நாள் அம்மா கொலுப்படிக்கு முன்னால் சரிந்து விழுந்தாள். பந்தல் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. உயிர் தப்பியது, வலது கை தப்பவில்லை. பேச்சு ஒன்றிரண்டு சொற்களாகக் குறைந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, முதல் மூன்று மாதம்தான் கணக்கு, கை அதற்குள் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான், அதன்பின் வருவது ரொம்பக் கொஞ்சம் என்றார். நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டது. கையில் ஒரு மாதம்கூட முழுசாக இல்லை. அந்த ஒரு மாதத்தையும் அம்மா தூங்கிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கோவிந்தராஜனுக்குத் துறைமுகத்தில் வேலை. இந்த வருடம் ஹால்தியாவில் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை வருவார், திங்கள் விடியற்காலை போய்விடுவார். மீதி நாட்களில் வீட்டில் அம்மாவும் நானும் பகல் ஆயாவும்தான். எனக்குப் புது வேலை. தகுதிகாண் காலத்தை இரண்டு மாதம் நீட்டியிருக்கிறார்கள். நீட்டியதற்குக் காரணம் கேட்டபோது மேனேஜர் ரோஹித், "கவனம் பத்தலைன்னு ஃபீட்பேக், தீப்தி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு அவர் யாரைப் பார்த்துச் சிரித்தாலும் அந்த ஆளுக்கு வேலை போகப்போகிறது என்று எனக்குத் தோன்றும்.

கொல்கத்தாவில் ஆயா சென்டர் என்று ஒன்று தெருவுக்குத் தெரு இருக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பெண்ணை அனுப்புவார்கள். காலை எட்டிலிருந்து இரவு எட்டு. பெரும்பாலும் தெற்கே கேனிங், லக்ஷ்மிகாந்தபூர் பக்கத்திலிருந்து லோக்கல் ரயிலில் வருகிறவர்கள். எல்லாரையும் 'மாஷி' என்றுதான் கூப்பிடுவோம். சின்னம்மா, பெரியம்மா போல ஒரு சொல். எங்களுக்கு வந்த மாஷியின் பெயர் சுலதா மண்டல் என்று சென்டர் கொடுத்த சீட்டில் இருந்தது. நவம்பர் மூன்றாம் தேதி வந்தாள்.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. அம்மா பகலில் விழித்திருந்தாள். ரஞ்சன் நாற்காலியில் உட்காரவைத்து ரப்பர் பந்தைக் கொடுத்தால் இரண்டு விரல் அசைந்தது. அந்த இரண்டு விரலை நான் வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அதை லேக் மார்க்கெட் பக்கத்திலிருக்கும் தமயந்தி மாமிக்கும் அனுப்பியதுதான் நான் செய்த தப்பு. மாமி அம்மாவின் இருபது வருட சிநேகிதி. நல்லவள். அன்று சாயங்காலமே கூப்பிட்டாள்.

"விரல் அசையறது சரிடி. மாத்திரையெல்லாம் யார் கையில இருக்கு?"

மாஷி கையில்தான் என்றேன்.

"அசடு. இவா எல்லாரும் ஒரே மாதிரிதான். பகல்ல தூக்க மாத்திரையைக் குடுத்துடுவா. பேஷண்ட் தூங்கினா இவா பாட்டுக்கு மொபைல் பாக்கலாம் பாரு. சேஷாத்ரியோட அம்மாவுக்கு அப்படித்தானே ஆச்சு? ஆறு மாசம் யாருக்கும் தெரியல."

சேஷாத்ரி யார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய அம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று ராத்திரி முழுக்க அந்த அம்மாள் எங்கள் ஹாலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்தந்த நாளுக்கு வேண்டியதை மட்டும் நானே பிரித்து வெளியே வைப்பது என்று முடிவு. மருந்துக்கடையில் விற்கும் பிளாஸ்டிக் டப்பாவில் நான்கு அறைதான் இருந்தது. அம்மாவுக்கு ஆறு வேளை மாத்திரை. அப்போதுதான் பரணில் கிடந்த இரண்டாவது அஞ்சறைப்பெட்டி ஞாபகம் வந்தது. எவர்சில்வர், மேலே கண்ணாடி மூடி, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்து ஒருநாளும் கடுகு பார்க்காதது. பெயர்தான் அஞ்சறை, உள்ளே வட்டமாக ஆறு கிண்ணம், நடுவில் ஒன்று. ஆறு வேளைக்கு ஆறு. எனக்கே என் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அம்மா கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் அதை வைத்து மாஷிக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஜன்னல் பக்கம் இருக்கிற கிண்ணம் காலை எட்டரை. அங்கிருந்து வலமாக, பத்தரை, ஒரு மணி, நாலு மணி, ஏழு மணி. கடைசிக் கிண்ணம் ராத்திரி ஒன்பதரைக்கு, அதை நான் கொடுத்துக்கொள்கிறேன். நடுக் கிண்ணத்தைத் தொடவே வேண்டாம். அவள் அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இதற்கு முன் இருந்த வீட்டில் அட்டையைப் பார்த்து, பெயரைப் படித்துத்தான் கொடுப்பேன் என்று வங்காளத்தில் சொன்னாள். இங்கே இப்படித்தான் என்றேன்.

அட்டை வேண்டுமாம். ஏன் வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

அதற்கு மறுநாளிலிருந்துதான் அம்மா பகலில் தூங்க ஆரம்பித்தாள்.

எல்லா நாளும் இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது. ஒருநாள் காலையிலேயே கண் சொருகும், ஒருநாள் மத்தியானத்துக்கு மேல், ஒருநாள் சாதாரணமாக இருப்பாள். பகலில் தூங்கியதால் ராத்திரியில் விழித்துக்கொண்டு இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருப்பாள். நான் எழுந்து போவேன். தண்ணீர் வேண்டாம், போர்வை வேண்டாம், என்ன வேண்டும் என்று சொல்லவும் வராது. ஐந்து மணிக்குக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஆறு மணிக்கு அலாரம். இப்படிப் பதினெட்டு நாள்.

எனக்குப் படிக்கிற பழக்கம் உண்டு. மொழிபெயர்ப்பில் வரும் வெளிநாட்டு நாவல்கள்தான் அதிகம். நியூ டவுன் போகிற கேபில் ஒன்றரை மணி நேரம் ஏதோ பனி பெய்யும் ஊரில் இருந்துவிட்டு இறங்குவேன். அதனால் மனிதர்களைப் படிக்க எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. மாஷியையும் படித்தேன். நான் கதவைத் திறந்ததும் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். பையை ஹாலில் வைக்காமல் அம்மா கட்டிலுக்கு அடியில் வைக்கிறாள். அம்மாவிடம் காதருகே குனிந்து என்னவோ சொல்கிறாள், நான் வந்தால் நிமிர்ந்துவிடுகிறாள். ஒருநாள் போர்வை மடிப்பில் உலர்ந்த பட்டாணி நாலைந்து கிடந்தது. எங்கள் வீட்டில் பட்டாணி வாங்கியே ஒரு மாதமாகிறது. இல்லை, வாங்கினோமோ? சமையலறை டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதி இருந்தது. முன்பு எவ்வளவு இருந்தது என்று எப்படித் தெரியும்?

ஒருநாள் காலை, ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது மாஷி வந்து நின்றாள். தீதி, அதாவது அக்கா, ஒரு சந்தேகம் என்றாள். அந்தப் பாதி மாத்திரை சில நாள் காலையில் வருகிறது, சில நாள் மத்தியானம் வருகிறது, டாக்டர் தினமும் நேரத்தை மாற்றுகிறாரா என்று கேட்டாள். கீழே கேப்காரன் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். போனில் ரோஹித்தின் மூன்று மெசேஜ். கிண்ணத்தில் என்ன இருக்கிறதோ அதைக் கொடு, அது போதும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். இறங்கும்போது, ஆறு கிண்ணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதவளிடம் அம்மாவை விட்டுவிட்டுப் போகிறேனே என்று நினைத்தேன். வாசல் காவலாளி வணக்கம் சொன்னார். இவரும் பார்க்கிறாரே, ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று அவர் மேலும் கோபம் வந்தது. அந்த நாட்களில் கோபம் வராமல் நான் பார்த்த முகம் என்று ஒன்றுகூட இல்லை. கேப் டிரைவர் சுற்றிப் போகிறான், மருந்துக்கடைக்காரன் பழைய மருந்தைக் கொடுக்கிறான், மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிவிட்டு யாரோ யாரையோ பார்க்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைதான் ரஞ்சன் அந்தப் போன் செய்தது. சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு அந்த வாரம் கப்பல் நெருக்கடி, வர முடியவில்லை. சாயங்காலம் மாஷி துணி காயப்போட மாடிக்குப் போனாள். அவள் செருப்புச் சத்தம் மேலே போய் முடிகிறவரை காத்திருந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பையை இழுத்தேன். அம்மா விழித்திருந்தாள். என்னைப் பார்த்து இடது கையை ஆட்டினாள். வேண்டாம் என்பதைப் போல இருந்தது. நான் அதைச் சீக்கிரம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீலப் பை. உள்ளே ஒரு டிபன் பாக்ஸ், சீப்பு, ரயில் சீசன் டிக்கெட், சின்ன பிளாஸ்டிக் உறையில் உலர்ந்த பட்டாணி. அதற்குக் கீழே ஒரு மாத்திரை அட்டை. பத்தில் நாலு போயிருந்தது.

எனக்கு அப்போது வந்தது பயம் இல்லை. சொன்னால் வெட்கம், அது சந்தோஷம் மாதிரி ஒன்று. போனில் படம் எடுத்தேன். அப்பாவுக்கும் தமயந்தி மாமிக்கும் அனுப்பினேன். மாமி ஒரே நிமிடத்தில், 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்று எழுதினாள். அப்பா கூப்பிட்டு, உடனே அனுப்பிவிடு, சண்டை போடாதே என்றார்.

சண்டை போட்டேன். வங்காளத்தில்தான் எனக்குக் கோபம் சரியாக வரும், அது நான் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்ட மொழி. மாஷி காலி வாளியோடு கதவருகில் நின்று கேட்டாள். அட்டை தன்னுடையது என்றாள். பட்டாணியும் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது, மாஷிமாவின் விரலுக்கு என்றாள். அம்மாவை அவள் மாஷிமா என்று கூப்பிடுவாள். விரலுக்குப் பட்டாணியாம். எவ்வளவு வேகமாகப் பொய் வருகிறது என்று நினைத்தேன். பையை மேஜை மேல் கொட்டச் சொன்னேன். கொட்டினாள். எடுத்துவைக்கச் சொன்னேன். எடுத்துவைத்தாள். எட்டு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. அந்த இருபது நிமிடமும் அவள் அம்மாவின் கால்மாட்டில் நின்றுகொண்டே இருந்துவிட்டு, எட்டானதும் அம்மாவின் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

உடனே ஆயா சென்டரைக் கூப்பிட்டேன். அதை நடத்தும் அம்மாளிடம், மருந்தில் விளையாடுகிறாள், இவளை வேறு எந்த வீட்டுக்கும் அனுப்பாதீர்கள் என்றேன். அந்த அம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இந்த மாதிரி புகார் வந்தால் நோட்டில் எழுதிவிடுவோம், பிறகு யார் வீட்டிலும் வைக்கமாட்டார்கள் என்று சொல்லி, புது ஆளைத் திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொன்னாள். வெகு நாளுக்குப் பிறகு அன்று நன்றாகப் பசித்தது.

அன்று ராத்திரி வழக்கம்போல மறுநாள் மாத்திரைகளை எடுத்தேன். ஒன்பதரைக்கான தூக்க மாத்திரை பாதிதான், டாக்டர் அப்படித்தான் எழுதியிருந்தார். காய் நறுக்கும் கத்தியால் அதை இரண்டாக்கி, ஒரு பாதியைக் கடைசிக் கிண்ணத்தில் போட்டேன். மற்றவை முழு மாத்திரைகள். எல்லாம் வெள்ளை.

ஞாயிறு காலை சீக்கிரம் எழுந்தேன். மாஷி செய்தது அத்தனையும் என்னாலும் முடியும் என்று எனக்கே காட்டவேண்டியிருந்தது. அம்மாவைத் துடைத்து உடை மாற்றினேன். தலை வாரினேன். மாஷி வந்ததும் முதல் வேலையாக டெட்டால் போட்ட தண்ணீரில் மேஜையைத் துடைப்பாள். நானும் டம்ளர், கண்ணாடி, அஞ்சறைப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, துடைத்து, திரும்ப வைத்தேன். எட்டரைக்கு ஜன்னல் பக்கத்துக் கிண்ணம். பத்தரைக்கு அதற்கு வலப்பக்கம். இரண்டாவது கிண்ணத்தைக் கொடுக்கும்போது போனில் அப்பா இருந்தார். இன்று பாருங்கள், நாள் முழுக்க விழித்திருப்பாள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே மாத்திரையை அம்மாவின் வாயில் போட்டேன்.

பதினொன்றேகாலுக்கு அம்மா தூங்கிவிட்டாள்.

கூப்பிட்டேன். கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். ரஞ்சன் சொன்னது அப்படியே நடந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

முதலில் எனக்குத் தோன்றியது, நேற்றுக் கொடுத்தது இன்னும் உடம்பில் இருக்கிறது என்பதுதான். பிறகு ஹார்லிக்ஸ் பாட்டிலைச் சந்தேகித்தேன். எதையாவது பொடி செய்து கலந்துவிட்டுப் போயிருப்பாள். முக்கால் பாட்டில் ஹார்லிக்ஸைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பால் கூடத் தூக்கலாக வாசனை அடித்தது. அதையும் கொட்டினேன். சர்க்கரை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றபோது ஒரு மணி அலாரம் அடித்தது. மூன்றாவது கிண்ணம்.

மூன்றாவது கிண்ணத்தில் ஒரு மாத்திரை இருந்தது. மணி ஒன்றுக்கு நான் இரண்டு வைப்பேன். கடைசிக் கிண்ணத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு முழு மாத்திரை. பாதி எங்கே? நேற்று ராத்திரி நான் என் கையால் வெட்டியது. நாலு மணிக் கிண்ணத்தில் இல்லை, ஏழு மணிக் கிண்ணத்தில் இல்லை. மேஜைக்கு அடியில் தேடினேன். அம்மாவின் போர்வையை உதறினேன். பீரோவைத் திறந்து அட்டையை எண்ணினேன்.

பிறகு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பெட்டியைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்தேன். மறுபடி எடுத்தேன், வைத்தேன். ஒவ்வொரு முறையும் ஜன்னல் பக்கம் ஒரு புதுக் கிண்ணம் வந்து நின்றது.

வட்டப் பெட்டி. அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. சமையலறையில் அது ஒருநாளும் பிரச்சினையானதில்லை, எப்படிச் சுற்றி வைத்தாலும் கடுகு கடுகாகத் தெரியும், மஞ்சள் மஞ்சளாகத் தெரியும். இங்கே எல்லாம் வெள்ளை. காலை ஒவ்வொரு நாளும் மாஷி பெட்டியைத் தூக்கி, துடைத்து, வைத்திருக்கிறாள். பிறகு நான் சொன்னபடியே ஜன்னல் பக்கத்திலிருந்து வலமாகக் கொடுத்திருக்கிறாள். ராத்திரியில் நான், ஒரு கையில் போனோடு, விளக்குப் போடாமல், மிச்சமிருந்த ஏதோ ஒரு கிண்ணத்தை அம்மாவின் உள்ளங்கையில் கவிழ்த்திருக்கிறேன். அந்தப் பதினெட்டு நாளில் பெரும்பாலும் அம்மா ராத்திரியில் விழித்திருந்தாள். பகலில் தூங்கினாள். அட்டைகள் மேஜையில் இருந்த முதல் வாரத்தில் இப்படி எதுவும் நடக்கவில்லை.

பாதி மாத்திரை சில நாள் காலையில் வருகிறதே என்று கேட்டாளே.

போனை எடுத்து நேற்றைய படத்தைத் திறந்தேன். விரலால் பெரிதாக்கினேன். அட்டையில் எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. என் பையிலும் ஒன்று கிடக்கிறது, அலுவலகத்தில் பாதிப் பேர் மேஜையில் கிடக்கும், வயிற்று எரிச்சலுக்குச் சாப்பிடும் மாத்திரை. அப்பா பார்த்தார், மாமி பார்த்தாள், நான் எடுத்தேன். மூன்று பேரில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். பதினெட்டு நாள் என்றதும் மாத்திரைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரிய ஆபத்து இல்லை, நல்ல காலம் என்றார். இனிமேல் அட்டையிலேயே இருக்கட்டும் என்றார். மூன்று மாதம் என்பதைப் பற்றி நான் கேட்டேன். அவர், இருக்கிற நாளை வீணாக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

அம்மா நாலு மணிக்கு விழித்தாள். பந்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. இடது கையால் போர்வையின் மேல் எதையோ பொறுக்குவதைப் போலக் காட்டினாள். காட்டிவிட்டுக் கதவைப் பார்த்தாள். நான் சமையலறைக்குப் போய் ஒரு பிடி பட்டாணியைக் கொண்டுவந்து போர்வையில் போட்டேன். அம்மாவின் வலது கை மெதுவாக நகர்ந்து வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு பட்டாணியைக் கவ்வின. நழுவவிட்டன. மறுபடி கவ்வி, ஒரு விரற்கடை உயரம் தூக்கின.

ரஞ்சனிடம் இந்தக் கை பந்தைத்தான் அமுக்கியிருக்கிறது. இதை வேறு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அம்மா விழித்திருந்த கொஞ்ச நேரங்களில்.

சென்டரைக் கூப்பிட்டேன். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், தப்பு என்னுடையது, அந்த மாஷியையே அனுப்புங்கள் என்றேன். நோட்டில் எழுதியதை எப்படி அழிப்பது என்று அந்த அம்மாள் கேட்டாள். போன் நம்பரும் தரமுடியாது, சென்டர் விதி. வேறு ஏதாவது செய்ய முடியாதா என்று கெஞ்சியபோது கொஞ்சம் இறங்கி, திங்கட்கிழமை சுலதா தன் ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுக்க வருவாள், எப்போதும் ஏழு மணி சுமார் கேனிங் லோக்கலில் வந்து பாலிகஞ்ச் ஸ்டேஷனில் இறங்குவாள், வேண்டுமானால் அங்கே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

திங்கள் காலை ஆறரைக்கு எதிர் ஃப்ளாட் போஸ் ஆன்ட்டியை அம்மாவின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ரோஹித்துக்கு லீவு என்று ஒரு வரி அனுப்பினேன். பதிலைப் பார்க்கவில்லை.

டிசம்பர் பிறந்து முதல் நாள், லேசான பனி. தண்டவாளத்தை ஒட்டிக் கீரைக்கட்டுகளையும் மீன் கூடைகளையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கேனிங் லோக்கல் வந்து நின்றது. பெண்கள் பெட்டியிலிருந்து அவர்கள் இறங்க ஆரம்பித்தார்கள். இருபது, ஐம்பது, நூறு பேர். சேலையின் மேல் சால்வையோ ஸ்வெட்டரோ போட்டுக்கொண்டு, தோளில் பையோடு, எல்லாரும் ஒரே வேகத்தில் மேம்பாலப் படியை நோக்கி வந்தார்கள். எட்டு மணிக்குள் எங்காவது ஒரு வீட்டில் இருக்கவேண்டியவர்கள்.

அப்போதுதான் எனக்கு அது புரிந்தது. சுலதா மண்டலின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை.

இருபத்தேழு நாள் என் வீட்டில் இருந்தவள். அவள் போனைக் கவிழ்க்கும் விதம் தெரியும். செருப்புச் சத்தம் தெரியும். பையின் ஜிப் எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியும். நாவல்களில் வரும், நான் பார்த்தே இராத, பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்க வராத பெண்களின் முகங்களை என்னால் வரைந்து காட்ட முடியும். இந்த முகம் வட்டமா, நீளமா, மூக்குத்தி உண்டா? நீலப் பையைத் தேடினேன். நீலப் பைகள் பத்துக்கு மேல் இருந்தன.

வேறு வழி தெரியாமல், "மாஷி" என்று சத்தமாகக் கூப்பிட்டேன்.

முப்பது பேர் திரும்பினார்கள். யாரைக் கேட்கிறாள் இவள் என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, தங்களை இல்லை என்று தெரிந்ததும் நடந்தார்கள். யாரும் கோபப்படவில்லை. அவர்களுக்கு அது பழக்கம் போலிருந்தது. கூட்டம் படியேறி ஏறிக் கரைந்துகொண்டே வந்தது. அந்தப் படிகளோடு அம்மாவின் இரண்டு விரலும் போவதைப் போல இருந்தது.

"சுலதாதி" என்று கூப்பிட்டேன். சுலதா அக்கா. அந்தப் பெயரை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

முதல் படியில் ஏறியிருந்த ஒருத்தி நின்றாள். திரும்பினாள். நீண்ட முகம். மூக்குத்தி இல்லை. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு. இவ்வளவு பெரிய தழும்பை எப்படிப் பார்க்காமல் இருந்தேன்? அவள் கீழே இறங்கி வரவில்லை. நான்தான் போனேன்.

சொன்னேன். பெட்டி, வட்டம், ஜன்னல், பாதி மாத்திரை, படம் எல்லாம். தமிழில் யோசித்து வங்காளத்தில் சொன்னதால் தட்டுத் தடுமாறியது. ஜனங்கள் எங்களை இடித்துக்கொண்டு ஏறினார்கள். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் கேட்டேனே தீதி," என்றாள். "நீங்க ஷூ போட்டுட்டிருந்தீங்க."

"ஆமா."

"மாஷிமா பட்டாணி எடுத்தாங்களா?"

"ஒண்ணு எடுத்தா. ஒரு விரற்கடை தூக்கினா."

"வெள்ளிக்கிழமை ரஞ்சன் அண்ணா போனப்புறம் முழிச்சுட்டு மூணு எடுத்தாங்க," என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். நீங்க உள்ள வர்ற முகத்தைப் பார்த்தா எதுவும் சொல்லத் தோணாது."

திரும்பி வருவதற்கு அவள் இரண்டு விஷயம் கேட்டாள். ஒன்று, சென்டருக்கு நேரில் வந்து அந்த நோட்டில் என் கையெழுத்தில் நடந்ததை எழுதவேண்டும். போனில் சொன்னது போதாது. இரண்டு, மாத்திரை அட்டைகள் மேஜை மேல் இருக்கவேண்டும். இரண்டுக்கும் சரி என்றேன். சென்டரில் அந்த அம்மாள் நோட்டை நீட்டியபோது சுலதாதியின் பெயருக்கு நேரே 'மருந்து' என்று ஒற்றைச் சொல் இருந்தது. அதன் கீழே எனக்குக் கிடைத்த இடம் இரண்டு வரி. நுணுக்கி நுணுக்கி எழுதினேன். தவறு வீட்டாருடையது என்று முடித்தேன். சுலதாதி அதை எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தபிறகுதான் கார்டைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். தமயந்தி மாமியிடம் சொன்னபோது, சரிடி, இவ ஒருத்தி வேற மாதிரி போலிருக்கு என்றாள்.

இப்போது டிசம்பர் பாதி ஆகிவிட்டது. அம்மா பகலில் விழித்திருக்கிறாள். நேற்று ஏழு பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டாள். ஆமாம், அதே பெட்டியின் கிண்ணங்கள்தான், இப்போது அதற்குத்தான் பயன்படுகின்றன. மூன்று மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கிறது. எவ்வளவு திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. தொலைந்த பதினெட்டு நாளில் எத்தனை பட்டாணி இருந்திருக்கும் என்று சில சமயம் யோசிக்கிறேன், பிறகு நிறுத்திக்கொள்கிறேன்.

சுலதாதி ஒவ்வொரு வேளையும் மாத்திரை கொடுப்பதற்கு முன் அட்டையைத் தன் போனில் படம் எடுத்துக்கொள்கிறாள். நேரத்தோடு. எதற்கு என்று நான் கேட்கவில்லை. என்னிடம் பேசும்போது என் கையில் போன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேசுகிறாள்.

ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பும்போது நீலப் பையை ஹால் மேஜையில் வைத்து, ஜிப்பை முழுசாகத் திறந்து, என் பக்கம் திருப்பி வைக்கிறாள். வேண்டாம் சுலதாதி, தேவையில்லை என்று முதல் நாளே சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அவள் ஜிப்பை மூடுவதில்லை. நான் குனிந்து உள்ளே பார்க்கிறவரை, பையின் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி நிற்கிறாள்.